சன்னல் வெட்டிய அட்டை

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காணாமல் போன பதினோராம் நாள், அவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் கடிதம் அவருடைய மகனின் மேசைக்கே வந்து சேர்ந்தது. மகன் அதில் முத்திரை போட்டு, எண் கொடுத்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, சுகாதாரப் பிரிவுக்கான தட்டில் வைத்தார். அப்போது மணி பதினொன்றே கால் ஆகியிருக்கும் என்று பின்னால் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த நேரத்துக்குத்தான் அலுவலகத்தில் தேநீர் வரும். அந்தக் கடிதத்துக்கு அடுத்த கடிதத்தின் ஓரத்தில் தேநீர்க் குவளையின் ஈர வட்டம் பதிந்திருந்ததாம்.

நகராட்சி அலுவலகத்தில் அவர் தபால் பதிவு எழுத்தர். வெளியிலிருந்து வருகிற எந்தக் காகிதமும் முதலில் அவர் கையில்தான் விழும். நாளொன்றுக்கு நூற்றிருபது, சில நாள் நூற்றைம்பது. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துச் சுவர், நாய்த் தொல்லை. ஒவ்வொன்றிலும் அவர் செய்ய வேண்டியது மூன்று வேலை: தேதி முத்திரை, பதிவு எண், எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்ற குறி. இதற்குக் கடிதத்தில் பார்க்க வேண்டிய இடம் இரண்டுதான். ‘பொருள்’ என்று போட்டு எழுதியிருக்கிற வரி ஒன்று, முத்திரைக்கான வலது மேல்மூலை ஒன்று. ஆகவே கெட்டி அட்டை ஒன்றைக் கடித அளவுக்கு நறுக்கி, அந்த இரண்டு இடத்தில் மட்டும் சன்னல் வெட்டி வைத்திருந்தார். அட்டையை வைப்பார், வரியைப் பார்ப்பார், முத்திரை விழும், அட்டை அடுத்த கடிதத்துக்குப் போகும். மற்ற எழுத்து எதுவும் கண்ணில் படாது. வேறு எந்த ஊர் அலுவலகத்திலும் மதியச் சாப்பாட்டுக்கு முன் தபால் தட்டு காலியானதில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். அவருக்குப் பெயரே ‘அட்டை’ என்று ஆகிவிட்டது. “ரத்தம் குடிக்காத அட்டை நம்ம ஆபீஸ்ல மட்டும்தான்யா இருக்கு” என்பது அங்கே பழைய நகைச்சுவை.

முன்பு அவர் கடிதங்களைப் படிக்கிறவராகத்தான் இருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், பெரிய குழாய் மாற்றப்போவதால் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு மூன்று நாள் தண்ணீர் வராது என்று குடிநீர் வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாயங்காலம் வீட்டில் சொன்னார். அவர் அம்மா எங்கள் வீட்டில் சொன்னாள். நாங்கள் அடுத்த வீட்டில் சொன்னோம். மறுநாள் காலை பத்து மணிக்குள் குடம், வாளி, துணி ஊறவைக்கிற தொட்டி எல்லாம் நிரம்பி, மேல்நிலைத் தொட்டி வறண்டு போயிற்று. பொறியாளர் வந்து நின்றார். “அந்தக் கடுதாசி இன்னும் எங்க பிரிவுக்கே வரல. ஊருக்கு எப்படிங்க போச்சு?” என்றார். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அதைக் கையில் கொடுத்த தலைமை எழுத்தர் கெட்ட மனிதர் அல்லர். “தம்பி, கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் நம்ம வேலை. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா வாய் சும்மா இருக்காது. தெரியாம இருந்துட்டா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது” என்றார். அந்த வாரம்தான் அட்டை வெட்டினார். அன்றைக்குப் பிடித்து வைத்த தண்ணீரில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் குளித்தோம்.

பெரியவர் முப்பத்திரண்டு வருடம் பேக்கரியில் அடுப்பு பார்த்தவர். காலை நாலு மணிக்கு முதல் தட்டு உள்ளே போய்விட வேண்டும். சூட்டுத் தட்டு உரசி உரசி இரண்டு முன்கையிலும் தழும்புகள், கோடு போட்ட நோட்டைப் போல வரிவரியாக இருக்கும். ரயில் பாலத்துக்கு அப்பால் இருந்த அந்தப் பேக்கரியை மூடி ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் முன்னறையில் சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் உள்ளே கையைக் காட்டி, “அவளக் கேளுங்க” என்பார். “சாப்டாச்சா?” “அவளக் கேளுங்க.” அவள் என்பது அவர் மனைவி. அந்த அம்மாள் அடுப்படியிலிருந்தே, “சாப்டாச்சு, மாத்திரையும் போட்டாச்சு, இன்னிக்குக் கால்வலி இல்ல” என்று மூன்று பதில் சொல்வாள். ஐம்பது வருடக் குடித்தனத்தில் புருஷன் வாயைப் பெண்டாட்டி வாங்கிக்கொண்டாள் என்று நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடிவதற்குள் அவர் போய்விட்டார். கதவு சாத்தியிருந்தது, தாழ் மட்டும் திறந்திருந்தது. அன்று தொடங்கிய மழை அந்த மாதம் முழுக்க விடவில்லை. பெருமழை இல்லை. காகிதம் நமத்துப்போகிற, துணி காயாத, சுவரில் விரல் வைத்தால் விரல் ஈரமாகிற மழை.

மகன் எதையும் ஒழுங்காகச் செய்பவர். ஒரு தாளில் அப்பா போகக்கூடிய இடங்களை வரிசையாக எழுதினார். பூங்கா, முடிதிருத்தும் கடை, மருந்துக் கடை, பேருந்து நிலையம், பழைய பேக்கரி. என்னையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். பேக்கரி வாசலுக்குக் காலை பத்து மணிக்குப் போனோம். இரும்புக் கதவு இறங்கியிருந்தது. படியில் ஒரு நாய் படுத்திருந்தது. கோடு போட்டாயிற்று. கோடு போட்ட இடத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் தெற்குக் காவல் நிலையத்தில் படிவம் கொடுத்தார்கள். எங்கள் தெரு அந்த நிலையத்துக்கு உட்பட்டது. மகன் அதை வெட்டும் திருத்தமும் இல்லாமல் எழுதினார்.

“சட்டை என்ன கலர்?” என்று காவலர் கேட்டார்.

மகன் தன் மனைவியைப் பார்த்தார். அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள், துணி விஷயத்தில் தப்பு சொல்லமாட்டாள். “நீலம். முந்தாநாள் சாயங்காலம் நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன்” என்றாள்.

“ஞாபக சக்தி எப்படி? மறதி கிறதி உண்டா?”

“நல்லாத்தான் இருக்காரு. எழுபத்திரண்டு வயசு. அவ்வளவுதான்” என்றார் மகன். ‘நன்று’ என்று எழுதினார்.

“இப்படி எழுதிக் குடுத்தா எங்களுக்கு வேலையே இல்லீங்க” என்று காவலர் படிவத்தைப் பாராட்டினார்.

மறுநாள் நான் கொல்லைப்பக்கம் போனபோது, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் கொடியில் பெரியவரின் நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் காயாமல் கையிரண்டும் கனத்துத் தொங்கியது. பார்த்தேன். துணி காயவில்லையே என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை மகனும் நானும் பொது மருத்துவமனைக்குப் போனோம். விசாரணை சன்னலில் இருந்த பெண் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பேர் சொல்லுங்க” என்றாள்.

மகன் சொன்னார். அவள் பேரேட்டில் விரல் ஓட்டினாள். மூன்று நாளைக்கு உள்ளதைப் பார்த்தாள். பொறுமையாகத்தான் பார்த்தாள்.

“அந்தப் பேர்ல யாரும் சேரலீங்க.”

“வயசானவரு. நீலச் சட்டை.”

“சட்டை எல்லாம் எழுதமாட்டோம். பேர்தான்.”

“சரிங்க” என்றார் மகன். தாளை எடுத்து, மருத்துவமனை என்பதற்கு எதிரே கோடு போட்டார். எட்டாம் வார்டு அந்தச் சன்னலிலிருந்து படியேறி இடதுபக்கம் திரும்பினால் நூறு அடி. இதைப் பின்னால் அவரே நடந்து அளந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாட்கள் போயின என்பதைத் தவிரச் சொல்ல அதிகமில்லை. மகன் மூன்று நாள் விடுப்பு எடுத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். மருமகள் காலைப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள். அம்மாள் காலையில் ரொட்டி வாட்டுவாள். நாலு பேருக்கு எட்டுத் துண்டு. மீந்த இரண்டை மத்தியானம் அவளே பாலில் நனைத்துத் தின்பாள். நான் போய் உட்கார்ந்தால் தேநீர் கொடுப்பாள். யாரும் அழவில்லை. அழுதால் ஒரு முடிவுக்கு வந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

“மழை விட்டா வந்துருவாரு” என்றாள் ஒருநாள்.

“ஆமாங்க” என்றேன்.

“குடை எடுத்துட்டுப் போகல பாரு. அதான் எங்கயோ ஒதுங்கி நிக்கிறாரு.”

எட்டு நாள் ஒருவர் ஒதுங்கி நிற்பாரா என்று நான் கேட்கவில்லை. அவளும் வேறு ஏதோ சொல்ல வந்து, குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது யோசிக்கும்போது, அவள் மூன்று நான்கு தடவை அப்படிச் சொல்ல வந்தாள் என்று தெரிகிறது.

கடிதம் பதினோராம் தேதியிட்டு எழுதப்பட்டு, பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை நகராட்சிக்கு வந்தது. அட்டையின் சன்னல் வழியாகத் தெரிந்த வரி இது: ‘பொருள்: பொது மருத்துவமனை – எட்டாம் வார்டு – படுக்கை விடுவித்தல் – தொடர்பாக.’ எழுதியவருக்கு அவசரம் படுக்கையைப் பற்றியதுதான், அதனால் படுக்கையைப் பொருளாக்கிவிட்டார். அதில் ஒரு ஆள் படுத்திருக்கிறார் என்பது அதற்குக் கீழே, அட்டை மறைத்த பகுதியில் இருந்தது. பதிவு எண் 2217. அன்று மாலை கட்டோடு கட்டாகச் சுகாதாரப் பிரிவுக்குப் போயிற்று. அந்தப் பிரிவின் எழுத்தர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். கட்டை அவிழ்க்க ஆளில்லை. அடுத்த மேசைக்காரர் அந்தக் கட்டின் மேல்தான் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்தார்.

இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை. தபால் தட்டில் அதே மருத்துவமனையின் இன்னொரு கடிதம். பொருள் வரியில் ‘நினைவூட்டு’ என்று இருந்தது. நினைவூட்டு வந்தால் முன்பு வந்த கடிதத்தின் எண்ணைத் தேடிப் பதிவேட்டில் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த எண் பொருளுக்குக் கீழே ‘பார்வை’ என்ற வரியில் இருக்கும். அதற்கு மட்டும் அட்டையைத் தூக்கியாக வேண்டும். தூக்கினார்.

பார்வை வரிக்குக் கீழே இருந்ததையும் கண் பார்த்துவிட்டது. ‘மேற்படி பெயர் தெரியாத நபர் பத்தொன்பதாம் தேதி காலை நாலு மணிக்கு நுரையீரல் காய்ச்சலால் காலமானார். பதில் ஏதும் வராததால் விதிப்படி நாலு நாள் வைத்திருந்து, இருபத்துமூன்றாம் தேதி உடல் பொது இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. இரு முன்கைகளிலும் பழைய சூட்டுத் தழும்புகள் வரிவரியாக. உடைமைகள்: பழுப்புக் கட்டம் போட்ட சட்டை ஒன்று, கயிற்றில் கோத்த சாவி ஒன்று.’

அவர் பதிவேட்டைப் புரட்டி 2217ஐக் கண்டுபிடித்தார். தன் எழுத்து. அதற்கு எதிரே நினைவூட்டின் எண்ணை எழுதினார். நினைவூட்டில் முத்திரை போட்டார். தட்டில் இன்னும் முப்பத்தாறு கடிதம் இருந்தது. அவற்றையும் முடித்தார். இதை நான் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கை செய்தது. பிறகு எழுந்து சுகாதாரப் பிரிவுக்குப் போய், சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்தி, கட்டை அவிழ்த்து முதல் கடிதத்தை எடுத்தார். தலைமை எழுத்தர் வாசலில் நின்றார்.

“அது கோப்புக் காகிதம். எங்க எடுத்துட்டுப் போற?”

மகன் கடிதத்தை அவர் முன் நீட்டினார். அவர் முழுக்கப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். 

“நான் இந்தப் பக்கமே வரல. நீ எடுத்துட்டுப் போ” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் பைண்டிங் வேலைக்குக் கத்திரித்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, செருப்ப மாட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“தகவல் வந்துச்சா?”

“வந்துச்சு. வந்து பன்னெண்டு நாளாச்சு.”

 பேருந்தில் நீர் சொட்டும் குடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, இரண்டு கடிதங்களையும் சட்டைக்குள் நனையாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

விசாரணை சன்னலில் அதே பெண். மகன் நேரே படியேறினார். எட்டாம் வார்டில் பதினாலாம் படுக்கையில் வேறு ஒருவர் படுத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வார்டுப் பணியாளர் நடுத்தர வயதுக்காரி. கையில் நீர்த்துடைப்பான். கடிதத்தைக் காட்டியதும், “அட, அவளக்கேளு தாத்தாவா?” என்றாள்.

“என்ன சொன்னீங்க?” என்றேன்.

“நாங்க வெச்ச பேருங்க. பேர் என்ன தாத்தான்னா, அவளக் கேளுங்க. வீடு எங்கன்னா, அவளக் கேளுங்க. டாக்டர் வந்து நாக்க நீட்டுங்கன்னாக்கூட, அவளக் கேளுங்க.” அவள் சிரிக்க ஆரம்பித்து, மகனைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “நீங்க யாரு அவருக்கு?”

“மகன்.”

துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்தாள். “தொல்லையே இல்லாத மனுசன். விடியறதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. தலகாணியப் போட்டு இப்படி அமுக்குவாரு, மடிப்பாரு, மறுபடி அமுக்குவாரு. என்ன தாத்தா வேலைன்னா, ‘நேரமாச்சு’ம்பாரு. மாவு பிசையற மாதிரி இருக்கும்.”

“பேக்கரியில இருந்தாரு” என்றார் மகன்.

“அப்படியா. அது எங்களுக்குத் தெரியாதுங்க. கை எல்லாம் தழும்பா இருந்ததும், எங்கயோ யாரோ சூடு போட்டு வெச்சிருக்காங்கன்னுதான் நெனச்சோம். அதான் வீட்டத் தேடறதுக்கும் ஒரு யோசனை.”

“நாங்க அஞ்சாம் தேதி வந்தோம். கீழ கேட்டோம். இல்லன்னாங்க.”

“என்ன கேட்டீங்க?”

“பேர்.”

“பேர் இல்லாதவங்க அவங்க புஸ்தகத்துல வரமாட்டாங்க. அது பின்வாசல் போலீஸ் மேசையில வேற புஸ்தகம். அவங்க வடக்கு ஸ்டேஷனுக்கு எழுதுவாங்க.” துடைப்பானை மறுபடி எடுத்துக்கொண்டு, “பேர் தெரியாதவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டிருந்தீங்கன்னா கீழ இருக்கிறவளே சொல்லியிருப்பா. நல்ல பொண்ணுதான்” என்றாள்.

“எங்களுக்குத்தான் பேர் தெரியுமே” என்றார் மகன். அவர் அதை வாதமாகச் சொல்லவில்லை.

பொட்டலத்தைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட ஒரு ஏடு. பெயர், உறவு, பெற்றுக்கொண்ட நாள். உறவு என்ற இடத்தில் எழுதப் பேனாவை வைத்தவர், வெகுநேரம் வைத்தபடியே இருந்தார். மசி ஒரு பொட்டாக ஊறியது. அவர் ஏட்டில் மசி சிந்தி நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது சாயங்காலம் நாலு மணி. மருமகளுக்குத் தொழிற்சாலைத் தொலைபேசியில் சொல்லியிருந்ததால் அவள் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். அம்மாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நாலு பேருக்கான கிழங்கு. மகன் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தார். அவள் கத்தியை வைத்துவிட்டுப் பிரித்தாள். சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பழைய பேக்கரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எப்ப?” என்றாள்.

“பத்தொம்பதாம் தேதி. காலையில நாலு மணிக்கு.”

“அடுப்பு போடற நேரம்” என்றாள். பிறகு, “எங்க வெச்சிருக்காங்க?”

“அடக்கம் பண்ணிட்டாங்கம்மா. முந்தாநாள்.”

மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டையைப் பார்த்து, “இது அவரோடது இல்லையே. இது உங்க பழைய சட்டை. நீலம்தானே போட்டிருந்தாரு?” என்று கணவனைக் கேட்டாள்.

“நீலத்த நனைச்சுட்டாரு. அன்னிக்கு ராத்திரி மூணு மணிக்கு நான் மாத்திவிட்டேன்” என்றாள் அம்மாள்.

“போலீஸ்ல நீலம்னு சொன்னோமே அத்தை.”

“எங்கிட்ட யாரு கேட்டா?” என்றாள். கோபமாக இல்லை. நிஜமாகவே யார் கேட்டார்கள் என்று யோசிப்பவளைப் போல இருந்தது.

மகன் சட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தார். அம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கடிதம் படிக்க வராது. ஆனால் வலது மூலையில் முத்திரையோடு எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள்.

“இந்தச் சுழி உன்னுதுல்ல? பள்ளிக்கூடத்துல படிச்சப்போவே இப்படித்தான் சுழிப்ப.”

“ஆமா.”

“இது எப்ப போட்ட?”

“பதிமூணாம் தேதி. அவரு இருந்தப்ப.” பிறகு அவரே சொன்னார்: “ஆறு நாள் இருந்துச்சும்மா. நான் படிக்கல. முத்திரை போட்டு உள்ள அனுப்பிட்டேன்.”

அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. மருமகள் எழுந்து அதை அணைத்தாள்.

“இப்பப் படி” என்றாள் அம்மாள்.

அவர் தரையில் உட்கார்ந்து படித்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒன்றும் விடாமல் படித்தார். ‘இம்மாதம் மூன்றாம் தேதி மாலை, ரயில் பாலத்துக்கு அப்பால் மூடிக்கிடக்கும் பேக்கரிக் கட்டடத்தின் வாசலில் மழையில் விழுந்து கிடந்த, சுமார் எழுபது வயது மதிக்கத்தக்க ஆண் ஒருவர், எட்டாம் வார்டு பதினாலாம் படுக்கையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல் தணிந்துள்ளது. உணவு உட்கொள்கிறார். பிறர் துணையுடன் நடக்கிறார். பெயர், முகவரி கேட்டால் “அவளைக் கேளுங்கள்” என்று மட்டுமே கூறுகிறார். அவர் குறிப்பிடும் பெண் யார் என்பது தெரியவில்லை.’

“நில்லு” என்றாள் அம்மாள். “அத மறுபடி படி.”

‘அவர் குறிப்பிடும் பெண் யார் என்பது தெரியவில்லை.’

அவள் சாவிக் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

“அவருக்குப் பேரு போயி ஒரு வருஷம் ஆச்சு” என்றாள். “அவரு பேரு, உம்பேரு, வீடு, எல்லாம் போச்சு. யாராச்சும் கேட்டா எம்பக்கம் கையக் காட்டச் சொல்லி நான்தான் பழக்கினேன். அது மட்டும் நல்லாப் புடிச்சுக்கிட்டாரு. ரெண்டு தடவை வெளிய போயிட்டாரு. தெரு முனையில புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.”

“எங்கிட்ட சொல்லலியேம்மா.”

“சொன்னா நீ எங்கயாச்சும் எழுதிருவ. எழுதினா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க.”

 எனக்கு நீலச் சட்டை கொடியில் தொங்கியது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

“மிச்சத்தப் படி” என்றாள்.

‘மேற்படி நபரை நாடி இதுவரை எவரும் வரவில்லை. படுக்கைப் பற்றாக்குறை கருதி, இவரைத் தங்கள் முதியோர் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ள ஏழு நாட்களுக்குள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ கீழே கையொப்பம். அதற்கும் கீழே சிறிய எழுத்தில் நகல் பட்டியல். அவர் அதையும் படித்தார். “நகல் ஒண்ணு, வடக்குக் காவல் நிலையம்.”

“நாம எழுதிக் குடுத்தது தெற்குலதான?”

“ஆமாம்மா. ரெண்டு, காப்பகக் கண்காணிப்பாளர். மூணு, வார்டுக் கோப்பு. நாலு, இருப்புக் கோப்பு.”

“இருப்புக் கோப்புன்னா?”

“அவங்களே வெச்சுக்கிறது.”

அம்மாள் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு வந்தாள். நாலு விரல் மடங்கியிருந்தது. கட்டைவிரல் மட்டும் நின்றது.

“வீட்டுக்கு ஒண்ணு போடலியா?” என்றாள்.

“விலாசம் தெரியாதும்மா அவங்களுக்கு.”

அவள் தலையாட்டினாள். சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சீவின உருளைக்கிழங்கு காற்றுப்பட்டுக் கறுக்க ஆரம்பித்திருந்தது. மருமகள் அதை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். வெளியே மழை அப்படியே இருந்தது.

“இன்னொரு தடவ படி” என்றாள் அம்மாள். “மேலேர்ந்து.”

மகன் கடிதத்தைத் தரையில் விரித்து, மடிப்புச் சுருக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை நீவிவிட்டு, ‘அனுப்புநர்’ என்று ஆரம்பித்தார்.